பிடித்ததைக் குறை சொல்லும் வீடு

மார்ச் 4, புதன்

காலையில் ஒரு லோடு கல் இறங்கியது. வண்டியில் முன்னால் நின்ற பலகைகள் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தன. அதனாலேயே நம்பவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவச் சொன்னேன். மேஸ்திரி முனகினார். "முதலாளி, எல்லாம் ஒரே மலையில வெட்டினதுதானே." மலை ஒன்றுதான். ஏற்றினவன் நல்லவன் என்று மலை சொல்லுமா? உருவிய பலகையில் மூலை நொறுங்கியிருந்தது. மறு பேச்சு இல்லை, திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டேன்.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்தாள். பையை மேஜையில் எறிந்துவிட்டு, குவளைத் தண்ணீரோடு கல் பக்கம் போய்விட்டாள். பாலிஷ் போடாத முதுகில் தண்ணீர் ஊற்றினால் கல்லின் நிஜ நிறம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேலே காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரத்தை விடாது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நான் விரிசலைத் தேடித் தண்ணீர் ஊற்றுகிறேன். பாப்பா எதைத் தேடுகிறாள் என்று இத்தனை வருஷமாகப் புரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தால் நாக்கையும் வைத்துப் பார்ப்பாள். சின்ன வயதில் அதற்கு அடி வாங்கியிருக்கிறாள், விடவில்லை.

"அப்பா, இந்தச் சிவப்புப் புள்ளி எப்படி உள்ள போச்சு?"

"யாருக்குத் தெரியும். புள்ளி இருந்தா சமையல் மேடைக்குப் போகும், இல்லாட்டி தரைக்குப் போகும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க."

சாயங்காலம் ஒருத்தர் வந்து எல்லாக் கல்லையும் தடவிக் கொடுத்துவிட்டு, "ரொம்ப அருமையான கல்லுங்க, பார்க்கலாம்" என்று கிளம்பினார். பாப்பா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. வாங்குகிறவன் அருமை என்று சொல்லமாட்டான், குறை சொல்வான். பார்க்கலாம் என்று போனவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இதெல்லாம் நான் அவளுக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. கல்லாப் பக்கத்து ஸ்டூலிலேயே வளர்ந்தவள், தானாகவே பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வந்தார். என் மனைவியின் தம்பி. கல்லூரி விளம்பரத் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை.

"அத்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காமர்ஸ் காலேஜ்ல போட்டுடுங்க. வீட்லேர்ந்தே போயிட்டு வரலாம். படிச்சு முடிச்சா உங்க கடையைக் கம்பெனி ஆக்கிடுவா."

"கடையே போதும். கம்பெனி ஆனா நான் டை கட்டணும்."

பாப்பாவைக் கேட்டேன். நீ சொல்லு, என்ன படிக்கணும்?

"கல்லு."

"கல்லை நான் விக்கிறேன். நீ எதுக்குப் படிக்கணும்?"

"நீங்க என்ன விக்கிறோம்னு தெரியாமலே விக்கிறீங்க. அதுக்குத்தான்."

அவள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா வேணும் உங்களுக்கு." நிலவியல் என்று பேராம் அந்தப் படிப்புக்கு. நல்ல இடம் ஒன்றுதான் இருக்கிறதாம், ஒரு ராத்திரி ரயில் பயணம். தூரத்தைக் கேட்டதும் இவள் சிரிப்பு நின்றது. கரண்டி உள்ளே போய்விட்டது.

மச்சானுக்குத் தெரிந்த இன்னொரு பெரிய கல்லூரியும் உண்டு, ஊருக்கு வெளியே. ஆக மூன்று. மூன்றையும் நேரில் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். படத்தைப் பார்த்து நான் ஒரு கல்லும் வாங்கினதில்லை.

மார்ச் 27, வெள்ளி

பரீட்சை முடிந்தது. வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் அம்மாதான் கழற்றிவிட்டாள்.

ஏப்ரல் 11, சனி

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி. சொல்லாமல் கொள்ளாமல் போனோம். சொல்லிவிட்டுப் போனால் பெருக்கி வைத்துவிடுவார்கள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறையில் மின்விசிறி ஓடுகிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாத்தியார்கள் நேரத்துக்கு வருகிறார்களாம், நேரத்துக்குப் போய்விடுகிறார்களாம். இரண்டாவதைச் சொல்லும்போது கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

நடுத்தரச் சரக்கு. ஏமாற்று இல்லை. யாரும் திட்டமாட்டார்கள், யாரும் நினைவும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

"எப்படி?" என்றேன் பாப்பாவிடம்.

"நல்லா இருக்குப்பா."

நல்லா இருக்கு என்கிறாள். அப்போ வேண்டாம் என்று அர்த்தம். எழுதி வைத்துக்கொண்டேன் மனசில்.

ஏப்ரல் 15, புதன்

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கல்லூரி. வாசலில் செயற்கை நீரூற்று, விளக்குப் போட்டு. வரவேற்பில் இருந்த பெண் இனிப்பாகப் பேசினாள். "இன்னைக்கே சேர்ந்தா இடம் உறுதி சார். நாளைக்குச் சொல்ல முடியாது." இந்தப் பேச்சை நானே எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்! வருத்தமே வரவில்லை, தொழில் தெரிந்த பெண் என்று மரியாதைதான் வந்தது.

முன்கூடத்தில் இரண்டு தூண். பச்சைக் கல், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். இந்த அளவில் இந்தக் கல் எனக்கே கிடைக்காது. விரலை மடக்கித் தட்டினேன், டொக் என்றது. பாப்பாவும் தட்டினாள்.

"அப்பா, இது பலகைமேல ஒட்டின காகிதம்."

"மெதுவா பேசு."

"உள்ள பொந்து."

அந்தப் பெண்ணுக்குக் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது "சாவி இல்லை" என்றாள். வண்டி வரை சிரித்துக்கொண்டே வந்தோம். பாப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. நல்ல நாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

தூரத்துக் கல்லூரிக்குப் போய் இன்று காலைதான் திரும்பினோம். ஒழுங்காக எழுத வேண்டும்.

பழைய கட்டடம். வாசல் படி நடுவில் குழிந்திருக்கிறது. கல் படி குழிய வேண்டும் என்றால் எத்தனை கால் ஏறி இறங்கியிருக்க வேண்டும்! வாசலிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. வாங்கப் போகிற இடத்தில் முகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவன் நான்.

பாறைத் துறைக்கு ஒரு அம்மா தலைவர். வெள்ளை முடி, கழுத்தில் பூதக்கண்ணாடி, புழுதி பிடித்த பூட்ஸ். பேர் சொன்னார்கள், எனக்கு மனசில் நிற்கவில்லை. பாறையம்மா என்று வைத்துக்கொள்கிறேன். கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரி, உள்ளே கல். விற்காத கல் இவ்வளவை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

பாறையம்மா ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்துப் பாப்பா கையில் கொடுத்து, "என்ன தோணுது?" என்று கேட்டார். பாப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். அப்புறம் — நான் தடுப்பதற்குள் — நாக்கில் வைத்துவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது. "பாப்பா!" என்று சத்தம் போட்டேன்.

"நாக்குல ஒட்டுதுங்க" என்றாள் அந்த அம்மாவிடம்.

"ஒட்டுதா? அப்போ என்ன அர்த்தம்?"

"இது... முன்னால களிமண்ணா இருந்திருக்குமோ?"

பாறையம்மா கல்லை வாங்கி, தன் சட்டையில் துடைத்து, தானும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒட்டத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "இதை நான் முதல் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பேன். பசங்க கூச்சப்பட்டுக்கிட்டு நாக்கை நீட்டவே மாட்டாங்க."

பாப்பா முகத்தைப் பார்த்தேன். எப்படி எழுதுவது. ரொம்ப நாளாகப் பூட்டியிருந்த வீட்டின் ஜன்னலையெல்லாம் யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், இங்கேதான்.

முடிவு செய்த பிறகுதான் என் வேலை ஆரம்பம். வார்டனைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விடுதியில் புதுப் பிள்ளைகளுக்கு வெளிக் கட்டடம்தானாம். சாலை தாண்டி, இருட்டுச் சந்து வழியாகப் போக வேண்டும். பழைய கட்டடத்திலேயே, துறைக்குப் பக்கத்தில், அறை வேண்டும். கேட்டால் இல்லை என்பார்கள். அதனால் கேட்கவில்லை. குறை சொல்ல ஆரம்பித்தேன். சுவரில் விரிசல். நுண்ணோக்கி என்னைவிடப் பழசு. கூரை ஒழுகின கறை. குழாய் சொட்டுகிறது. படிச்சு முடிச்சா என்ன வேலை? கடைசியாகத் தலையில் கை வைத்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்!" என்றேன். நன்றாகத்தான் வந்தது அந்தப் பெருமூச்சு.

பாறையம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, பாவம். "உங்க கவலை விடுதின்னா, பழைய கட்டடத்துல ஒரு ரூம் நான் பேசித் தரேன். இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க" என்றார். வந்த வேலை முடிந்தது. "யோசிக்கிறோம்" என்று எழுந்துவிட்டேன்.

பாப்பா ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தெரியாத பேச்சா இது.

ரயிலில் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாங்கின சரக்கைப் பற்றி லோடு இறங்குகிற வரை வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வழியில் உடையும் என்பார் என்னை முதலில் வேலைக்கு வைத்திருந்த முதலாளி. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பழக்கம் போகவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவள் கேட்கிறாள். "எப்படிடி இருந்துச்சு அந்தத் தூரத்துக் காலேஜ்?"

பாப்பா சொல்கிறாள். "சுவர் எல்லாம் விரிசல்மா. நுண்ணோக்கி அரதப் பழசு. கூரை ஒழுகுது. அவ்வளவு தூரம் போற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

பேப்பருக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பொண்ணு! பிடித்ததைக் குறை சொல்கிறாள். அப்பனிடம் கற்ற வித்தையை அம்மாவிடம் காட்டுகிறாள். இன்னும் ரெண்டு நாளில் என்னிடம் வருவாள். அப்பா, ஆயிரம் குறை இருந்தாலும் அங்கேயே போறேனே என்பாள். வரட்டும். முதலில் வாய் திறக்கிறவர்தான் இறங்கிப் போக வேண்டும். தவிர, அவளே கேட்டு வாங்கினால்தான் அது அவளுடையதாக இருக்கும். நான் தூக்கிக் கொடுத்தால் அப்பா அனுப்பினார் என்றுதானே ஆகும்.

மே 9, சனி

இன்னும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

மே 21, வியாழன்

நல்ல மார்க்கு. போய்ப் பார்ப்பதற்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்த இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது, பாலத்துக்கு அந்தப் பக்கமும் தூரத்திலும். தூரத்துக் கல்லூரிக்கு ஜூன் 12 சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

மேஸ்திரி "சின்ன முதலாளி பாஸ்!" என்று கடை முழுக்க மிட்டாய் கொடுத்தார். பாப்பா வாங்கித் தின்றாள், சிரித்தாள். புதுசாக வந்த கருப்புக் கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தண்ணீர்க் குவளை மேஜையிலேயே இருந்தது.

ஜூன் 5, வெள்ளி

சாப்பிடும்போது ஜாடையாகப் பேச்செடுத்தேன். "என்ன பாப்பா, காலேஜ் விஷயம் ஏதாவது யோசிச்சியா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?"

பார்த்தீர்களா! பந்தை என் பக்கமே திருப்புகிறாள். நானா விடுவேன்? "எனக்கென்ன, நீ படிக்கப் போறே. நீ சொல்லு."

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சந்தையில உட்கார்ந்து சாப்பிடற மாதிரி இருக்கு எனக்கு" என்று எழுந்து போனாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அவள் கேட்காமலே விட்டுவிட்டால் நல்லது என்றும் ஒரு மூலையில் இருக்கிறது. சாயங்காலம் அந்த ஸ்டூல் காலியாக இருக்கும் என்று நினைத்தாலே கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் அது மூலையில்தான் இருக்கிறது. நடுவில் இல்லை.

ஜூன் 12, வெள்ளி

இன்று கடைசி நாள். காலையிலேயே தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். சாயங்காலம் வரை பார்ப்பது, அவள் கேட்காவிட்டால் போகிறது, நானே தோற்றுப்போவது என்று. மகளிடம் தோற்றால் என்ன குறைந்துவிடும்.

மத்தியானம் மச்சானோடு வந்தாள். கையில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் அடையாள அட்டை. கழுத்தில் மாட்டிக்கொண்டே காட்டினாள்.

"சேர்ந்துட்டேன்பா."

"எங்கே?"

"இங்கதான். பக்கத்துல."

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "நான்தான் கூட்டிட்டுப் போனேன் அத்தான். இனிமே கவலையே இல்ல."

அப்போதும் நேரம் இருந்தது. சாயங்காலம் வரை இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பேசி முடித்த வியாபாரத்தைக் கலைக்கக் கூடாது என்று கை தானாக அட்டையை வாங்கிப் பார்த்தது, வாய் தானாக "நல்லது" என்றது. அவளுக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டேன். பெரியவர்கள் சொல்வதுபோல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான்.

அட்டையில் இருக்கிற படம் நன்றாக இல்லை. அவள் மாதிரியே இல்லை.

ஜூலை 6, திங்கள்

கடைக்குத் தொலைபேசி. பாறையம்மா.

"பழைய கட்டடத்துல ரூம் எடுத்து வச்சிருந்தேனே. உங்க பொண்ணு சம்மதமே சொல்லலையே?"

"அவளுக்கு இஷ்டமில்லைங்க."

"அப்படியா? நீங்க வார்டனைப் பார்க்கப் போனப்ப, எங்கிட்ட அலமாரி சாவி வாங்கி ஒவ்வொரு கல்லா எடுத்துப் பார்த்துட்டிருந்தாளே. படிக்க வர்றப்போ எந்த அலமாரி தன்னோடதுன்னுகூடக் கேட்டா."

வைத்துவிட்டேன். வண்டி வந்து நின்றது. மேஸ்திரி எங்கே இறக்குவது என்று கேட்டார். எங்கேயாவது இறக்குங்க என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 19, புதன்

எப்படி எழுதறது இதை.

வீடு கட்டுகிற ஒருத்தர், மூன்றாவது தடவையாக வந்தார், கருப்புக் கல் பார்க்க. பாப்பா கல்லூரி விட்டு வந்து கடையில்தான் இருந்தாள். அவள்தான் பேசினாள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் குறைமேல் குறை. நிறம் மங்கல், ஓரம் சரியில்லை, பாலிஷ் போதாது. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்!" என்றார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று வெளியே போய் போன் பேசினார்.

பாப்பா என் பக்கம் குனிந்து மெதுவாக, "முடிஞ்சுதுப்பா. வாங்கிடுவார். பிடிக்காதவர் எதுக்கு இவ்வளவு குறை தேடிக் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்பா."

"என்ன பாப்பா."

"அன்னைக்கு அந்தக் காலேஜ்ல... நீங்களும் இதையேதானே சொன்னீங்க."

பொய் வருமா? ஊருக்கெல்லாம் வர்ற பொய் அப்ப வரலை.

"அது ரூமுக்காகப் பேசினதும்மா. பழைய கட்டடத்துல உனக்கு ஒரு ரூம் வேணும்னு."

"அப்போ உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சு. படியிலேயே பிடிச்சிருச்சு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் தேவலையே.

"அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துன்னு நினைச்சேன்பா. உங்களுக்கு இஷ்டமில்ல, நேரா சொல்ல மனசு வராம அவங்களைச் சாக்கா வச்சு எனக்குச் சொல்றீங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் உள்ளே வந்துவிட்டார். "என்னம்மா, முடிச்சிக்கலாமா?" பாப்பா முகத்தைத் திருப்பினாள். திருப்பின முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் சிரிக்கிற அதே கடைச் சிரிப்பு. "உங்களுக்கு இல்லாததா சார், உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் கையால்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு வியாபாரம் முடிந்ததில்லை.

பெத்த பொண்ணுக்கு முன்னாடியும் முகத்தை வீட்ல வச்சிட்டுப் போயிருக்கேன். அம்மாகிட்ட அவ குறை சொன்னப்ப, வித்தை காட்டறான்னு பேப்பருக்குப் பின்னால உட்கார்ந்து சிரிச்சேனே — விட்டுக்கொடுத்துட்டுப் பேசியிருக்கா அந்தக் குழந்தை. நான் சொன்ன குறையையே வரிசையா ஒப்பிச்சிருக்கா. எல்லார் முகத்தையும் படிக்கத் தெரியும் எனக்கு. எல்லார் முகத்தையும்!

ஆகஸ்ட் 20, வியாழன்

கடை திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பாப்பாவின் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவ ஜூன்ல எங்கிட்ட அழுதா. அப்பாவுக்குப் பிடிக்கல, விடும்மா, நீ ஒண்ணும் கேக்காதேன்னா. நான் உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா போயிடுவாளே."

என் மூலையில் இருந்ததுதான் இவளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. வெங்காயத்தைச் சாக்கு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தொழில் தெரியாத இவளும் எங்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மத்தியானம் பாறையம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த வருஷம் முடியாது, வகுப்பு தொடங்கி வெகு நாளாயிற்று. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவேன், ஆனால் சொல்லி வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். நல்ல மனுஷி. அன்றைக்கு அவர் கட்டடத்தை நான் பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "விரிசல் இருக்கறது உண்மைதானே" என்றார்.

சாயங்காலம் பாப்பா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போனேன். இந்த முறை நடிப்பு இல்லை, சுற்றிவளைக்கவில்லை. "அடுத்த வருஷம் அங்க போயிடு பாப்பா. ஒரு வருஷம் போனா போகுது. உனக்கு அதுதான் இடம். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். அந்தக் கல்லை நீ நாக்குல வச்சப்பவே சொல்லியிருக்கணும்."

துணியை மடித்து முடித்தாள். என் சட்டைதான் அது. காலரை நீவிவிட்டாள். ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள்.

"ரொம்ப நல்ல காலேஜ்பா அது. பார்க்கலாம்."

நவம்பர் 17, செவ்வாய்

புது இடத்திலிருந்து ஒரு லோடு வந்தது. கரும்பச்சை, உள்ளே சிவப்பு மணி மணியாக. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரிக் கல் என் கடைக்கு வந்ததில்லை. இறக்கும்போது மேஸ்திரிகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

பாப்பா வந்தாள். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். நேரே லோடு பக்கம் போனாள். தண்ணீர்க் குவளையை மேஜை ஓரத்தில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன்.

நடுவிலிருந்து ஒன்றை உருவச் சொன்னாள். மூலையைத் தடவினாள். விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்டாள். எல்லாம் சரியாகச் செய்தாள்.

"என்ன கல்லு பாப்பா இது?" என்று நானே கேட்டேன்.

"வேகமா போற கலர்ப்பா. இன்னொரு லோடு சொல்லி வைக்கலாம்."

சரியான பதில். எந்த வியாபாரியும் இதைத்தான் சொல்வான். நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். "சரிம்மா" என்றேன். போய் ஸ்டூலில் உட்கார்ந்து வந்தவர்களைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அவள் டீ வாங்கப் போன நேரத்தில் குவளையை எடுத்துக்கொண்டு கல் பக்கம் போனேன். முதுகில் தண்ணீரை ஊற்றினேன். பச்சை எழும்பி வந்தது, சிவப்பு எழும்பி வந்தது. ஒரு விரிசல் கிடையாது. மேஸ்திரி லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குனிந்து நாக்கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். ஒட்டுகிறதா ஒட்டவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தேன்.